கோட்டுப் பைக்கு ஒரு கத்தி

வெருலத்தில் மூசாவின் கடைக்குக்
கோட்டோடேயே போனேன்.
செருப்புக்குக் கால் கொண்டுபோகிறோமே, அப்படி.

மூசா கேட்டார்:
விருந்துக்குத்தானே போகிறீர்,
மேசையில் ஆளுக்கு இரண்டு கத்தி வைப்பார்களே?
அது அவர்களுடைய கத்தி என்றேன்.
தின்று முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முப்பத்தோரு வருஷம் சர்க்கரை ஆலையில்
இடுப்பில் கிடந்தது ஒரு சாண் கத்தி.
கிரீஸ் ஊறிய கயிறு, பம்பின் பேக்கிங்,
உருளையில் சுற்றிக்கொண்ட கரும்புச் சோகை,
மதியம் ரொட்டி, பருவத்தில் மாம்பழம்.
துடைத்துத் துடைத்து
வலது தொடைத் துணி கறுத்தே போனது.
நேற்றிரவு அதைக் கோட்டுக்குள் போட்டுப் பார்த்தேன்.
ஒரு தோள் இறங்கிற்று.
"தராசு மாதிரி நிக்கிறீங்க" என்றாள் கோகிலம்.

முதலில் எடுத்துக் காட்டியது சிப்பிப் பிடி.
பல் தெரியச் சிரிக்கிற பையனைப்போல
கூடத்தையே கூப்பிடும். வேண்டாம்.
அடுத்தது மெல்லிசு. ஆனால் திறந்தால்
டக் என்றது.
பேச்சு நடக்கிற கூடத்தில் அந்த ஓசைக்கு
எத்தனை கழுத்து திரும்பும் என்று தெரியும் எனக்கு,
என் நிறத்துக் கையிலிருந்து வந்தால்
இன்னும் கொஞ்சம் விரைவாகவே.
கொக்கி வைத்த ஒன்று
பையின் விளிம்பில் பேனாவாக எட்டிப் பார்த்தது.
கணக்கப்பிள்ளை என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

கண்ணாடிப் பெட்டியின் மூலையில்
விலைச்சீட்டு மங்கிக் கிடந்தது இது.
கறுப்புக் கொம்புப் பிடி, சுண்டுவிரலைவிடக் குட்டை.
நகத்தால் இழுத்தேன்,
தூங்குகிறவன் வாய் திறப்பதுபோலத் திறந்தது.
மூடும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.
உள்பையில் போட்டுக்கொண்டு
கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பினேன்.
கோட்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை.
நூற்றெண்பது ரேண்ட். மூசா பத்து குறைத்தார்.

சனிக்கிழமை, டர்பனில் கடல் பார்த்த ஹோட்டல்.
மெக்கிண்டயர் புது சூட்டில் மேடையேறி
என் கடிகாரத்தை எடுக்கத் திரும்பியபோது
கண்டோம்:
கோட்டின் பின்பிளவு பிரியவில்லை.
தையற்காரன் போட்ட வெள்ளை நூல்
பெருக்கல் குறியாக அப்படியே.
பாய்லர் தொரசாமி நாப்கினுக்குள் இருமினான்.
அந்த இருமல் மேசை மேசையாகப் பரவியது.
காத்தவராயன் என்ற என்னை
'கேட்டி' என்றே அழைத்து
ஏழு நிமிடம் புகழ்ந்தார்.

பிறகு படம்.
இருவரும் திரைச்சீலைக்கு முதுகு காட்டி.
அவர் கை என் தோள்மேல்.
நான் பள்ளிக்கூடத்துப் பையனாக
இரு கைகளையும் பின்னால் கட்டி நின்று
நகத்தால் இழுத்தேன்.
தொரசாமியின் விரல் போன அன்று
எத்தனை டன் நின்றது என்று கேட்ட மனிதரின்
முதுகருகே
திறந்த அலகு. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.
கிட்ட வாங்க, சிரிங்க என்றான் படக்காரன்.
கிட்டப் போனேன்.

இரண்டு நூல். இரண்டு இழுப்பு.
பட்டதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் மேடையை விட்டு இறங்கத் திரும்பும்போது
கூடம் தயாராக இருந்தது.
பிளவு ஒழுங்காக, இரண்டு பக்கமும் ஆடிற்று.
அடக்கி வைத்திருந்த சிரிப்புக்குப் போக இடமில்லை.
தொரசாமி என்னைப் பார்த்தான்,
திருடிவிட்டவனைப் பார்ப்பதுபோல.

வண்டியில் உம்கேனி பாலம் வரை பேசவில்லை.
அப்புறம்: ஏன் வெட்டினே?
கத்தி இருந்தது என்றேன்.
பாதி பதில்தான். மீதி எனக்கும் தெரியாது.
கொடு பார்ப்போம் என்று வாங்கினான்.
மீந்த நான்கு விரல்களால் பிடித்து
நெடுஞ்சாலை விளக்குகள் வந்து வந்து போக
திறந்தான், மூடினான்,
காதருகே வைத்து இன்னொரு தடவை.

சத்தமே இல்லையேடா, என்றான்.